தேயினும் மூன்று இராமகிருஷ்ணன்களும்: இரசாயன எழுத்தில் உசாத்துணையின் கதை

உயர்தரத்தில் தமிழ் மொழிமூலம் இரசாயனவியல் படித்துவிட்டு கம்பஸுக்குப் போகிற நம்ம மலையகப் பிள்ளைகள் முதல் வருஷத்திலேயே இரண்டு சுவர்களில் முட்டிக்கொள்கிறார்கள். ஒன்று ஆங்கிலம். அதைப் பற்றி நிறையப் பேசியாச்சு. மற்றது பார்த்தால் சின்ன விஷயம் மாதிரித்தான் இருக்கும். பரிசோதனை அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் போட வேண்டிய உசாத்துணைப் பட்டியல்தான் அது. எந்த இடத்தில் காற்புள்ளி, எது தடித்த எழுத்து, எது சாய்ந்த எழுத்து, சஞ்சிகையின் பெயரை எப்படிச் சுருக்குவது? எல்லாம் சரியாகச் செய்தும் புள்ளி தவறிய இடத்தில் சிவப்புப் பேனா விழும்.

'அட, இதுக்கா இவ்வளவு அலட்டல்?' என்றுதான் யாருக்கும் தோன்றும். டியூட்டில் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். டியூட்டில் ஒரு சமன்பாடு இருக்கும், ஒரு வரைவிலக்கணம் இருக்கும். அதை யார் கண்டுபிடித்தார், எங்கே எழுதினார் என்று இருக்காது. சேர் சொன்னார், அவ்வளவுதான். அப்படி வந்தவர்களிடம் திடீரென்று 'இது எங்கேயிருந்து வந்தது?' என்று கேட்டால் அது தண்டனை மாதிரித்தான் தெரியும்.

ஆனால் அந்த ஒரு வரி இன்றைய வடிவத்துக்கு வர இருநூறு வருஷம் பிடித்திருக்கிறது. அந்தக் கதையில் தேயிலை இருக்கிறது, தமிழர்களின் தகப்பன் பெயர்கள் இருக்கின்றன. கந்தப்பளையில் இருந்து பார்க்கிற எங்களுக்கு அதில் ஒரு சொந்தக் கேள்வியும் இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

ஒரு பொருள், இரண்டு பெயர்

1819இல் ஜேர்மன் இரசாயனவியலாளர் ருங்கே காப்பிக் கொட்டையில் இருந்து கஃபீனைப் பிரித்தெடுத்தார். 1827இல் ஊட்ரி என்ற பிரெஞ்சுக்காரர் தேயிலையில் இருந்து ஒரு பொருளைப் பிரித்து அதற்கு 'தேயின்' என்று பெயர் வைத்தார். காப்பியில் இருப்பது கஃபீன், தேயிலையில் இருப்பது தேயின் என்று பதினொரு வருஷம் இரண்டு பெயர்களும் தனித்தனியாக ஓடின. 1838இல் கார்ல் ஜோப்ஸ்ட் என்பவரும், ஒல்லாந்தரான முல்டரும், தனித்தனியாக வேலை செய்து, இரண்டும் ஒரே பொருள்தான் என்று காட்டினார்கள்.

காப்பிப் பொருளைப் பற்றி முன்னால் ஒருவர் எடுத்த அளவுகள் எங்கே அச்சாகியிருக்கின்றன என்று தெரிந்தால்தான் தேயிலைப் பொருளின் அளவுகளை அவற்றோடு வைத்துப் பார்க்கலாம். தெரியாவிட்டால் ஒரே பொருளை ஒவ்வொருவரும் புதுசு புதுசாகக் 'கண்டுபிடித்து'க்கொண்டே இருக்க வேண்டியதுதான். இரசாயனவியலில் உசாத்துணை முக்கியமானது இப்படித்தான். முந்தியவருக்கு மரியாதை செய்வது ஒரு பக்கம். அதைவிட, 'இந்த உருகுநிலை, இந்த நிறை, இந்தச் செய்முறை, இந்தப் பக்கத்தில் இருக்கு, போய்ப் பார்' என்று வழி சொல்வதுதான் அதன் முதல் வேலை.

ஜோப்ஸ்டின் கட்டுரை வந்த சஞ்சிகை லீபிக் நடத்திய 'அனாலன்'. அதை இன்றைய அமெரிக்க இரசாயனவியல் சங்கத்தின் பழக்கப்படி எழுதினால் கிட்டத்தட்ட இப்படி வரும்:

ஜோப்ஸ்ட், சி. அன். பார்ம். 1838, 25, 63.

முதலில் பெயர், அதுவும் குடும்பப் பெயர் முன்னால். பிறகு சுருக்கிய சஞ்சிகைப் பெயர், சாய்ந்த எழுத்தில். அடுத்து ஆண்டு, தடித்த எழுத்தில். பிறகு தொகுதி எண், மறுபடி சாய்ந்த எழுத்தில். கடைசியாகப் பக்கம். கட்டுரைக்குள்ளே அந்த இடத்தில் மேலே ஏற்றிய ஒரு சிறு எண் மட்டும் இருக்கும். பட்டியல் அகர வரிசையில் போகாது, எது முதலில் வந்ததோ அது ஒன்று, அடுத்தது இரண்டு. வரலாறு, சமூகவியல் படிக்கிற நண்பர்களின் உசாத்துணையோடு ஒப்பிட்டால் இது தந்தி மாதிரி இருக்கும்.

இந்த வரியில் ஒன்று காணாமல் போயிருப்பதைக் கவனித்தீர்களா? கட்டுரையின் தலைப்பு இல்லை. ஜோப்ஸ்ட் வைத்த தலைப்பின் பொருள் 'தேயினும் கஃபீனும் ஒன்றே' என்பது. முழுக் கண்டுபிடிப்பும் தலைப்பிலேயே இருக்கிறது. ஆனால் தந்தி வடிவம் அதை விழுங்கிவிட்டது.

தந்தி மொழி எப்படி வந்தது

ஆரம்பத்தில் ஒழுங்கு எதுவும் இருக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இரசாயனவியலுக்கென்றே சஞ்சிகைகள் தோன்றின. ஜேர்மனியில் கிரெல் 1778இல் ஒன்றைத் தொடங்கினார். பாரிசில் லவோசியேயும் கூட்டாளிகளும் 1789இல் இன்னொன்றைத் தொடங்கினார்கள். அப்போது ஆதாரம் காட்டுகிறவர்கள் பந்திக்குள்ளேயே சொல்லிவிடுவார்கள், இல்லாவிட்டால் நட்சத்திரக் குறி போட்டுப் பக்கத்தின் அடியில் எழுதுவார்கள். சஞ்சிகையை அதன் ஆசிரியர் பெயரால் குறிப்பார்கள்: 'கிரெலுடையது', 'பொகென்டோர்ஃபுடையது', 'லீபிக்குடையது' என்று. கடையை முதலாளி பெயரால் சொல்கிற நம்ம பழக்கம் மாதிரி. வாசிக்கிறவர்கள் சில நூறு பேர், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அது போதுமாக இருந்தது.

சேதன இரசாயனவியல் வெடித்துப் பெருகியதும் அது போதாமல் போனது. வருஷத்துக்கு வருஷம் புதுச் சேர்வைகள் ஆயிரக்கணக்கில் வந்தன. இதையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து வைக்க முயன்றவர் ஃபிரீட்ரிக் பைல்ஸ்டைன். ஜோப்ஸ்டின் கட்டுரை வந்த அதே 1838இல் ரஷ்யாவின் சென் பீட்டர்ஸ்பேர்க்கில் பிறந்தவர். 1881 முதல் 1883 வரை அவர் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட சேதனச் சேர்வைகளின் கைநூலில் சுமார் 15,000 சேர்வைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் உருகுநிலை, கொதிநிலை, தயாரிக்கும் முறை, அவற்றோடு ஆதாரம்.

இத்தனை ஆயிரம் ஆதாரங்களை முழுசாக எழுதினால் புத்தகத்தில் பாதி அதற்கே போய்விடும். அதனால் பைல்ஸ்டைன் மரபில் 'அனாலன்' வெறும் 'ஏ' ஆகியது. ஜேர்மன் இரசாயனவியல் சங்கத்தின் 'பெரிக்டே' வெறும் 'பி' ஆகியது. இலண்டன் சங்கத்தின் சஞ்சிகை 'சொக்.' என்று சுருங்கியது. உலகத்தில் எத்தனையோ சங்கங்கள் இருக்க, 'சங்கம்' என்று சும்மா சொன்னால் அது இலண்டன் சங்கம்தான். எந்த மொழியின் சஞ்சிகைக்கு ஓர் எழுத்துப் போதும், எதற்கு நீளமான பெயர் வேண்டும் என்பதிலேயே அந்தக் காலத்து அதிகாரம் தெரிகிறது இல்லையா?

அடுத்தது அமெரிக்கா. 1907இல் அமெரிக்க இரசாயனவியல் சங்கம் 'கெமிக்கல் அப்ஸ்ட்ரக்ட்ஸ்' என்ற சுருக்க வெளியீட்டைத் தொடங்கியது. உலகமெங்கும் வருகிற இரசாயனக் கட்டுரைகளின் சுருக்கங்களை அது தந்தது. சஞ்சிகைகளின் பெயர்களை எப்படிச் சுருக்குவது என்பதற்கும் அதுவே பட்டியல் வைத்தது. இன்றைக்கு 'ஜே. அம். கெம். சொக்.' என்று எழுதும்போது ஒவ்வொரு புள்ளியும் அந்தப் பட்டியலின் வழியில்தான் வருகிறது. 1986இல் அந்தச் சங்கத்தின் எழுத்து நடை வழிகாட்டி புத்தகமாக வந்தது. 2020இல் அது இணைய வடிவத்துக்கு மாறியபோது உசாத்துணை மாதிரிகளில் கட்டுரைத் தலைப்பும் இடம்பிடித்தது. காகிதத்தில் இடத்தை மிச்சம் பிடிக்க வேண்டிய காலம் முடிந்துவிட்டது. ஜோப்ஸ்டுக்குத் தலைப்புத் திரும்பக் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

சிறிய கல்லூரியின் நூலகம்

உசாத்துணைகளை எண்ணிப் பார்க்கலாம் என்ற யோசனையும் இரசாயனவியலில் இருந்துதான் வந்தது. 1927இல் குரொஸ், குரொஸ் என்ற இருவர் 'சயன்ஸ்' சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்களுடைய பிரச்சினை நமக்கு நல்லாவே விளங்கும். ஒரு சிறிய கல்லூரி, கையில் கொஞ்சக் காசு, எந்த இரசாயனச் சஞ்சிகைகளை வாங்குவது? அவர்கள் அமெரிக்க இரசாயனவியல் சங்கச் சஞ்சிகையின் 1926ஆம் ஆண்டுத் தொகுதியை எடுத்து, அதில் இருந்த 3,633 மேற்கோள்களையும் எண்ணினார்கள். அதிகம் மேற்கோள் காட்டப்படும் சஞ்சிகையை முதலில் வாங்கு. எளிய கணக்கு.

இதே எண்ணத்தைப் பெரிய அளவில் செய்தவர் யூஜின் கார்ஃபீல்ட். அவரும் இரசாயனவியல் பட்டதாரிதான். 1960களில் அவர் தொடங்கிய அறிவியல் மேற்கோள் அட்டவணை, யார் யாரை மேற்கோள் காட்டினார் என்று தேட வைத்தது. நூலகம் சஞ்சிகை வாங்க உதவிய கணக்கு, பிறகு மனிதர்களை அளக்கிற கணக்காக மாறியது. இன்றைக்கு விரிவுரையாளர் நியமனம், பதவி உயர்வு, ஆராய்ச்சிப் பணம் எல்லாவற்றிலும் 'எத்தனை மேற்கோள்?' என்ற கேள்வி இருக்கிறது.

ஆகவே அந்த வரியில் உங்கள் பெயர் எப்படி விழுகிறது என்பது சின்ன விஷயம் இல்லை. இந்த இடத்தில்தான் தமிழ்ப் பெயர்கள் மாட்டிக்கொள்கின்றன.

மூன்று இராமகிருஷ்ணன்கள்

ஐரோப்பியக் குடும்பப் பெயரை மனதில் வைத்துச் செய்யப்பட்டது இந்த வடிவம். குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயரின் முதலெழுத்துப் பின்னால். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முன்னால் தகப்பன் பெயரின் முதலெழுத்து, சில ஊர்களில் அதற்கும் முன்னால் ஊரின் எழுத்து, கடைசியில் நம்ம சொந்தப் பெயர்.

இதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சமாளித்தார்கள். சி. வி. ராமனின் 'சி' தகப்பனார் சந்திரசேகரனைக் குறிக்கிறது. 'வி'யும் 'ராமனும்' சேர்ந்துதான் அவருடைய சொந்தப் பெயர், வெங்கடராமன். அந்தப் பெயரின் பாதியை வடிவம் முன்னால் தள்ளியது. 'ராமன், சி. வி.; கிருஷ்ணன், கே. எஸ். நேச்சர் 1928, 121, 501' என்ற வரியில் உலகம் 'ராமன்' என்பதையே பிடித்துக்கொண்டது. ஜி. என். ராமச்சந்திரனின் 'ஜி' திருநெல்வேலிப் பக்கத்துக் கோபாலசமுத்திரம், 'என்' தகப்பனார் நாராயணன். புரதங்களின் சங்கிலி எப்படி மடங்கலாம் என்பதை அவர் சி. இராமகிருஷ்ணனோடும் வி. சசிசேகரனோடும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்து 1963இல் எழுதினார். இன்றைக்கும் புரதக் கட்டமைப்பைப் படிக்கிற எவரும் 'ராமச்சந்திரன் வரைபை'த் தாண்டிப் போக முடியாது. இருவருக்கும் சொந்தப் பெயர், பாதியாகவோ முழுசாகவோ, நிலைத்தது.

2009இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன். இரைபோசோமின் கட்டமைப்பைக் காட்டியதற்காகக் கிடைத்த பரிசு. அவருடைய சொந்தப் பெயர் வெங்கட்ராமன். இராமகிருஷ்ணன் என்பது தகப்பனார் பெயர். அந்தத் தகப்பனாரும், பரோடாவில் உயிர்இரசாயனவியல் துறையை வளர்த்த சி. வி. இராமகிருஷ்ணன். இப்போது உசாத்துணைப் பட்டியலைப் பாருங்கள்:

'இராமகிருஷ்ணன், சி.' என்றால் ராமச்சந்திரனின் கூட்டாளி. 'இராமகிருஷ்ணன், சி. வி.' என்றால் பரோடாத் தகப்பனார். 'இராமகிருஷ்ணன், வி.' என்றால் நோபல் பரிசு பெற்ற மகன்.

மூவரும் உயிர்மூலக்கூறுகளின் பக்கம் வேலை செய்தவர்கள். வித்தியாசம் ஒரு எழுத்தும் ஒரு புள்ளியும். 'புள்ளி போடாட்டி என்ன?' என்று கேட்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எங்களிடம் இல்லை.

இங்கிலாந்தின் ரோயல் இரசாயனவியல் சங்கம் முதலெழுத்தை முன்னால் வைக்கிறது: 'சி. வி. ராமன்' என்று நாம் எழுதுகிற மாதிரியே. ஆக, இந்த வடிவங்கள் வானத்தில் இருந்து விழுந்த சட்டங்கள் இல்லை. யாரோ உட்கார்ந்து எடுத்த முடிவுகள்.

மலையகத்தில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு அடுக்கு இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்துக்கூட்டல், பாடசாலைச் சான்றிதழில் மூன்றாவது. தமிழ் தெரியாத ஒருவர் காதால் கேட்டு எழுதிய பெயரோடு வாழ்நாள் முழுக்க அலைகிறவர்கள் நம்ம லயங்களில் நிறைய. பெண்களுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு முதலெழுத்தும் மாறிவிடும். கட்டுரைகள் இரண்டு பெயர்களில் பிரிந்து கிடந்தால், தேடுகிற கணினிக்கு அது இரண்டு ஆட்கள்.

'ஆதாரம் எங்கே?'

இந்தக் கேள்வியை இரசாயனவியல் பேராசிரியர் கேட்பதற்கு முந்தியே நம்ம பாட்டன் பூட்டன்மாரிடம் அரசாங்கம் கேட்டுவிட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டப்படி, இலங்கையில் பிறந்தவர்கூட, தகப்பன் இங்கே பிறந்தார் என்றோ, பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்கள் என்றோ காட்ட வேண்டியிருந்தது. அதுக்குக் கடதாசி வேண்டும். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்ததற்கு மலையே சாட்சியாக இருந்தது, ஆனால் மலையை இணைத்து விண்ணப்பிக்க முடியாது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும் வரைக்கும் அந்தக் காயம் பல குடும்பங்களில் ஆறவில்லை.

இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. கடதாசியில் பதிவாகாத உழைப்பு, இல்லாத உழைப்பாகக் கணக்கெடுக்கப்படும் என்பது நமக்குப் பாடப் புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை. அதனால் யார் பெயர் பதிவாகிறது, யார் பெயர் விடுபடுகிறது என்று பார்க்கிற கண் நமக்கு இருக்க வேண்டும்.

தமிழில் இரசாயனவியல் எழுதப்பட்ட கதையிலேயே இதைப் பார்க்கலாம். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷனரி டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீனின் மொழிபெயர்ப்பு முயற்சியில் 1875இல் 'கெமிஸ்தம்' என்ற இரசாயன நூல் வந்தது. மூலம் வெல்ஸ் என்ற அமெரிக்கரின் பாடநூல். கிறீனின் மருத்துவ, அறிவியல் மொழிபெயர்ப்புகள் அவரிடம் படித்த தமிழ் மாணவர்களும் சேர்ந்து செய்தவை. சொல்லைத் தேடியவர்கள், வாக்கியத்தைத் தமிழாக்கியவர்கள் அவர்கள். இன்றைக்கு 'கிறீனின் நூல்' என்று எல்லோரும் சொல்கிறோம். அந்த மாணவர்களில் ஒருவரின் பெயராவது சட்டென்று நம்ம வாயில் வருகிறதா? கிறீனின் பெருமையைக் குறைக்க இதைக் கேட்கவில்லை. வரியில் ஒரு பெயருக்குத்தான் இடம் என்று ஆனால், மற்றப் பெயர்கள் எவ்வளவு சீக்கிரம் உதிர்ந்துபோகின்றன என்பதற்காகக் கேட்கிறோம்.

கொழுந்து யாருடைய கையில் இருந்து வந்தது

மறுபடி தேயிலைக்கு வருவோம். கெல்வே பேம்பர் என்ற இரசாயனவியலாளர் 1893இல் தேயிலையின் இரசாயனத்தைப் பற்றி ஒரு பாடநூலைக் கல்கத்தாவில் வெளியிட்டார். பின்னாளில் அவர் இலங்கையில் அரசாங்க இரசாயனவியலாளராக இருந்தார். 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் உருவானது. ஆரம்பத்தில் நுவரெலியாவில் இருந்து, பிறகு தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்துக்குப் போனது. 1928 முதல் 'டீ குவார்டர்லி' என்ற அதன் சஞ்சிகை வந்தது. உலகத்தின் எந்த மூலையில் தேயிலை இரசாயனம் எழுதினாலும் 'டீ கு.' என்ற சுருக்கம் உசாத்துணையில் தலைகாட்டும். நம்ம மலையில் இருந்து உலகத்து இரசாயனப் பட்டியலுக்குள் போன சுருக்கம் அது.

பெக்டரியில் கொழுந்தை வாட்டி, உருட்டி, பரப்பி வைத்த பிறகு பச்சை நிறம் செம்பு நிறமாக மாறும். தோட்டத்தில் இதை நொதித்தல் என்றே சொல்கிறோம், ஆனால் நுண்ணுயிர்களுக்கு இதில் பெரிய பங்கு இல்லை. இலையில் உள்ள கட்டெச்சின்கள், இலையிலேயே உள்ள ஒரு நொதியத்தின் உதவியோடு ஒட்சிசனுடன் தாக்கமுறுகின்றன. அதில் பிறப்பவைதான் சாயத்துக்குப் பொன் நிறத்தையும் துடிப்பையும் தருகிற தியாஃபிளேவின்களும், செந்நிறத்தையும் திடத்தையும் தருகிற தியாருபிஜின்களும். இவற்றை அளக்க ரொபர்ட்ஸும் ஸ்மித்தும் 1963இல் ஒரு முறையை எழுதினார்கள். அதன் பிறகு தேயிலையின் தரத்தை அளந்த எத்தனையோ கட்டுரைகளின் பட்டியலில் அந்த இரண்டு பெயர்களும் வந்துகொண்டே இருக்கின்றன. வர வேண்டியதுதான்.

ஆனால் அதே கட்டுரைகளில் கொழுந்து எங்கே இருந்து வந்தது என்று பாருங்கள். 'செய்முறை' என்ற பகுதியில் தோட்டத்தின் பெயர் இருக்கும். கடல் மட்டத்தில் இருந்து உயரம் இருக்கும். வீ.பீ. கன்றாக இருந்தால் 'டீ.ஆர்.ஐ. 2025' என்று அதன் இலக்கம்கூட இருக்கும். 'இரண்டு இலையும் ஒரு மொட்டும் பறிக்கப்பட்டது' என்று இருக்கும். பறிக்கப்பட்டது, சரி. யார் பறித்தார்? செடிக்கு இலக்கம் இருக்கிறது. பறித்த கைக்குப் பெயர் இல்லை.

இன்னும் ஒன்று. எந்த நிமிஷத்தில் நொதித்தலை நிறுத்தி அடுப்புக்கு அனுப்ப வேண்டும் என்பதை, மூக்கால் முகர்ந்தும் நிறத்தைப் பார்த்தும் சொல்கிற அனுபவசாலிகள் பெக்டரிகளில் இருந்தார்கள், இருக்கிறார்கள். அது இரசாயன அறிவு. தியாஃபிளேவின் உச்சத்துக்குப் போய்க் குறையத் தொடங்குகிற நேரத்தை அவர்கள் உபகரணம் இல்லாமல் பிடிக்கிறார்கள். கந்தப்பளை ஹெதர்செட்டில் இருந்த பழைய தேயிலை பெக்டரி 1990களில் ஹோட்டலாகிவிட்டது. கட்டடத்தைக் காப்பாற்றியாச்சு. அங்கே நின்று வேலை செய்தவர்களின் மூக்குக்குள் இருந்த அறிவு எந்தச் சஞ்சிகையின் எந்தப் பக்கத்தில் இருக்கு?

கோபப்பட்டு உசாத்துணையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அந்த வடிவத்துக்குள்ளேயே ஒரு கதவு இருக்கிறது என்பதைத்தான் சொல்ல வருகிறோம். அமெரிக்க இரசாயனவியல் சங்கத்தின் முறையில் 'தனிப்பட்ட தொடர்பாடல்' என்று ஒரு வகை உண்டு. அச்சில் வராத ஒன்றை ஒருவர் நேரே சொன்னார் என்றால், அவர் பெயர், அவர் இருக்கும் இடம், 'தனிப்பட்ட தொடர்பாடல்', ஆண்டு என்று எழுதலாம். பேராசிரியர்கள் ஒருவரை ஒருவர் இப்படி மேற்கோள் காட்டிக்கொள்கிறார்கள். பெக்டரியில் முப்பது வருஷம் நொதித்தல் அறையில் நின்ற ஒரு மாமாவையோ, மழைநாள் கொழுந்துக்கும் பனிக்காலக் கொழுந்துக்கும் கையிலேயே வித்தியாசம் சொல்கிற ஓர் அம்மாவையோ இப்படி எழுதக் கூடாது என்று எந்த வழிகாட்டியிலும் இல்லை. அவர்களிடம் அனுமதி கேளுங்கள். பெயரை அவர்கள் சொல்கிற மாதிரியே எழுதுங்கள்.

இனி நம்ம கையில்

2000ஆம் ஆண்டுக்குப் பிறகு கட்டுரைகளுக்கு டி.ஓ.ஐ. என்ற நிரந்தர இலக்கம் வந்தது. சஞ்சிகை பெயர் மாற்றினாலும், இணையத்தளம் இடம் மாறினாலும், அந்த இலக்கம் கட்டுரையிடம் கூட்டிப் போகும். 2012இல் ஓர்கிட் என்று ஆட்களுக்கும் ஓர் இலக்கம் வந்தது. பெயரின் எழுத்துக்கூட்டல் மாறினாலும், முதலெழுத்து மாறினாலும், ஆள் ஒருவர்தான் என்று அது சொல்லும். இலவசம். ஆராய்ச்சிப் பக்கம் போக நினைக்கிற நம்ம பிள்ளைகள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், முதல் கட்டுரைக்கு முன்னமே இதை எடுத்து வைப்பது நல்லது. அதோடு, பெயரை எப்படி எழுதுவது, எது முன்னால், எத்தனை முதலெழுத்து என்று ஒரு முடிவெடுத்து, கடைசி வரைக்கும் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் முடிவெடுக்காவிட்டால் ஒரு ஒன்லைன் படிவம் உங்களுக்காக முடிவெடுத்துவிடும். தகப்பன் பெயர் உங்கள் பெயராகிவிடும்.

இந்தக் காலத்துக்கு இன்னொரு எச்சரிக்கை. கணினி அரட்டைச் செயலியிடம் உசாத்துணை கேட்டால், அது ஆண்டு, தொகுதி, பக்கம், புள்ளி எல்லாம் கச்சிதமாகப் போட்ட வரிகளைத் தரும். அவற்றில் சில உலகத்திலேயே இல்லாத கட்டுரைகளாக இருக்கலாம். வடிவம் சரியாக இருப்பதும் ஆதாரம் உண்மையாக இருப்பதும் வேறு வேறு. தேடிப் போய்ப் பாருங்கள். பக்கம் திறக்காவிட்டால், கட்டுரை கண்ணில் படாவிட்டால், எழுதாதீர்கள்.

திறக்கப் போனால் காசு கேட்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும். வழி எழுதியிருக்கும், வாசலில் பூட்டு இருக்கும். அந்தப் பூட்டுக்கு எதிராகத்தான் 2005இல் இருந்து நூலகம் இணையத்தளம் ஈழத்துத் தமிழ் நூல்களை இலவசமாகத் தருகிறது. இலங்கைச் சஞ்சிகைகள் பலவும் இணையத்தில் திறந்து கிடக்கின்றன. தேடத் தொடங்க அவை போதும்.

கடைசியாக ஒன்று, டியூட் எழுதுகிற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும். கந்தப்பளையிலும் இராகலையிலும் ஹட்டனிலும் உயர்தரப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் சொல்லிக் கொடுக்கிறவர்களில் பலர் நம்ம வயசுக்காரர்கள்தான். ஒவ்வொரு பாடத்தின் அடியிலும் ஒரே ஒரு வரி போடுங்கள். இந்த மாறிலி எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் இருக்கு, இந்தப் படம் எங்கேயிருந்து எடுத்தது, இந்தக் கணக்கு எந்த ஆண்டின் வினாத்தாள். வடிவம் பிழையாக இருந்தாலும் பரவாயில்லை, அதைக் கம்பஸில் திருத்திக்கொள்ளலாம். 'இது எங்கேயிருந்து வந்தது?' என்று கேட்கிற பழக்கம் பதினேழு வயசிலேயே வந்துவிட்டால், முதலாம் வருஷத்துச் சிவப்புப் பேனாவுக்கு வேலை குறையும். 'பறிக்கப்பட்டது' என்று வாசிக்கும்போது, 'யாரால்?' என்று கேட்கவும் அந்தப் பிள்ளைக்குத் தோன்றும்.